மோதிர விரலில் பாதி

மார்ச் 4

தங்கச்சிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறதியால் அல்ல, வேண்டுமென்றேதான்.

உன் பேத்தியின் பிறந்தநாளன்று அத்தனை பேர் முன்னால் நீ என்னைச் சொன்ன சொல் உனக்கு மறந்திருக்கும். சொன்ன வாய்க்கு மறந்துவிடும், கேட்ட காதுக்கு மறக்காது. மாடி வீட்டு டீச்சர் வைஃபை பெட்டி வாங்கி மாட்டிய பிறகுதான் என் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன என்று நான் சொன்னேன். நீ வாயில் கேக்கை அடைத்துக்கொண்டே, "அண்ணாவுக்கு எல்லாம் பிரமை. அலை விரல்ல அடிக்கலை, மனசுலதான் அடிக்குது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் மருமகனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனை அறையில் வேலை பார்ப்பவள். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அப்படித்தானே? நான் லிஃப்ட் பழுது பார்த்தவன். எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. பிரித்துப் போட்டேன், பார்த்தேன், கற்றுக்கொண்டேன். இதையும் அப்படியே கற்றுக்கொண்டேன்.

இப்போது கேள்! வேலையை விட்டதிலிருந்து நாள் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருப்பேனே, அந்தக் கை ரேடியோ, அதைப் பிரித்தேன். உள்ளே வேண்டாததைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு செம்புச் சுருளும் இன்னும் சில சாமான்களும் சேர்த்தேன். இப்போது அது பாட்டுப் பாடாது, அலை இருக்கும் இடத்தில் 'கிர்ர்' என்று காட்டிக் கொடுக்கும். 'உளவாளி' என்று பெயர் வைத்திருக்கிறேன். சத்தம் சன்னம் என்பதால் காதோடு அணைத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. காலையில் எடுத்தால் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைக்கிறேன். டீச்சரின் பெட்டி இருக்கும் மூலைக்கு நேர் கீழே, என் நாற்காலிக்கு மேலே, அது எப்படிக் கதறுகிறது தெரியுமா! கதறும் இடத்தில் உட்கார்ந்தால் விரல் மரக்கிறது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

'பிரமை' என்ற சொல்லை எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள். அதுவரை உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். செல்போன் நரம்பைக் கெடுக்கும் என்று என்னுடையதை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன், எனவே எழுது.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

யாராவது ஒருவர் போட வேண்டுமே, நான் போட்டுவிட்டேன்.

திரும்பப் பெற மாட்டேன். நானும் உனக்குத்தானே தங்கை, பிடிவாதத்தில் எனக்கு மட்டும் பங்கு வராமல் போய்விடுமா?

உன் உளவாளி பொய் சொல்லவில்லை. அலை இருக்கிறது. ஆனால் அலை இருக்கிறது என்பதும், அது நரம்பைக் கெடுக்கிறது என்பதும் ஒன்றல்ல. போனைக் காதோடு ஒட்டி வைத்தால் அந்த இடத்துச் சதையில் கொஞ்சம் சூடு ஏறும், அதுவும் மிகச் சொற்பம். மேலே மாடியில் இருக்கும் பெட்டிக்கு அந்த வலுவும் இல்லை. மூளைக்கும் நரம்புக்கும் இதனால் கேடு உண்டா என்று வெகுகாலமாக ஆராய்கிறார்கள், இனியும் ஆராய்வார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விரல் மரத்துப்போவதற்கு அது காரணம் என்று இதுவரை யாரும் காட்டவில்லை.

இன்னொன்று. உன்னைப் போலவே 'எனக்கு உடம்பில் தெரிகிறது' என்று சொன்னவர்களை உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரியாமல் கருவியைப் போட்டும் அணைத்தும் கேட்டிருக்கிறார்கள். எப்போது ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நீயும் செய்து பாரேன்! டீச்சரிடம் சொல்லிப் பெட்டியைப் போட்டு அணைக்கச் சொல். உளவாளியைத் தொடாதே, விரலை மட்டும் கேள். உனக்குத் துணிச்சல் இருக்கிறதா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 20

தங்கச்சிக்கு,

துணிச்சலா? என்னிடமா கேட்கிறாய்? செய்துவிட்டேன்! நீ சொன்னதைவிடக் கறாராகவே செய்தேன்.

டீச்சர் நல்ல பெண். முதலில், "சார், என் கிளாஸ் நடுவுல கட் ஆயிடுமே" என்று இழுத்தாள். பிறகு அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் போட வேண்டும், பூ விழுந்தால் அணைக்க வேண்டும். அவள் இஷ்டத்துக்கு விட்டால் என் மனதுக்குப் பிடிபட்டுவிடும் அல்லவா? போட்டாளா அணைத்தாளா என்பது உன் அண்ணிக்கும் தெரியக் கூடாது என்று அவளைப் படிக்கட்டு நடுவில் நிற்க வைத்தேன். டீச்சர் மேலிருந்து "ரெடி!" என்பாள், அண்ணி கீழே பார்த்து "ரெடியாம்!" என்பாள், நான் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கேட்டுச் சொல்வேன். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்னங்க, ராக்கெட் விடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முடிவைச் சொல்கிறேன். பாதிக்குப் பாதி சரி, பாதிக்குப் பாதி தப்பு. மறைக்க மாட்டேன், மறைத்துப் பழக்கமில்லை. இதற்காக நீ துள்ளிக் குதிக்காதே. காரணம் கண்டுபிடித்துவிட்டேன்: சுவர் அலையைக் குடித்து வைத்துக்கொண்டு, அணைத்த பிறகும் மெல்ல மெல்ல விடுகிறது. அதனால்தான் போட்டாலும் விரல் மரத்தது, அணைத்தாலும் மரத்தது.

ஒரு வேடிக்கை. அன்றுதான் விரலை உன்னிப்பாகக் கவனித்தேன். சுண்டுவிரல் முழுக்க மரம். அதற்கு அடுத்த மோதிர விரலில் பாதி மட்டும்தான், சுண்டுவிரல் பக்கத்துப் பாதி. மறு பாதியில் ஊசியால் குத்தினால் உயிர் போகிறது. நடுவில் யாரோ கோடு போட்டு வைத்ததுபோல! அலைக்கும் என்னிடம் மோதிர விரலில் பாதிதான் பங்கு கிடைத்தது என்று உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன்.

வாசல் பூட்டில் ஏதோ கோளாறு. சாவி திரும்ப மறுக்கிறது. உன் அண்ணி திருப்பினால் திரும்புகிறது. எண்ணெய் விட வேண்டும்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா! அண்ணா! மோதிர விரலில் பாதியா? நிச்சயமாகப் பாதியா?

உன் கடிதத்தை வேலை இடத்தில் பிரித்தேன். அந்த வரிக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். சோதனைக்கு வந்து படுத்திருந்த ஓர் அம்மா, "என்னம்மா, வீட்டுல ஏதாவது கெட்ட சேதியா?" என்றார். "இல்லைம்மா, எங்க அண்ணனுக்கு மோதிர விரல்ல பாதி மரத்துப்போச்சாம்!" என்றேன், முகமெல்லாம் சிரிப்பாக. அவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

நான் ஏன் சிரித்தேன், கேள். கையின் உணர்ச்சியை நரம்புகள் பாகம் பிரித்து வைத்திருக்கின்றன. சுண்டுவிரலும், மோதிர விரலில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியும் ஒரு நரம்புக்குச் சொந்தம். மோதிர விரலின் மறு பாதி வேறு நரம்பின் பங்கு. அந்த எல்லைக்கோடு உன் அலைக்குத் தெரியாது. மனதுக்கும் தெரியாது. மனதால் மரத்துப்போகும் கை, உறை மாட்டினதுபோல முழுக் கையாக மரக்கும், இப்படி ஒரு விரலை நடுவில் பிளக்காது. கோடு தெரிந்தது நரம்புக்கு மட்டும்தான். நீ கற்பனை செய்திருந்தால் இவ்வளவு சரியாகக் கற்பனை செய்திருக்கவே முடியாது!

ஆகவே விரலைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வைஃபையைப் பற்றிச் சொன்னதை அல்ல. பாதி விரலுக்குப் பாதி மன்னிப்பு.

அந்த நரம்பு முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. நாற்காலியில் முழங்கை இடித்தால் விரல் நுனிவரை சுரீரென்று மின்சாரம் பாயுமே, அதே இடம். முழங்கையை மடக்கினால் அது இழுபட்டு நசுங்கும். கொஞ்ச நேரம் மடக்கினால் ஒன்றுமில்லை. நாள் முழுக்க மடக்கினால்? உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "காதோடு அணைத்துப் பிடிக்க வேண்டும்." "காலையில் எடுத்தால் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைக்கிறேன்." அதற்கு முன்னால் அதே பெட்டி ரேடியோவாக உன் காதில் இருந்தது. அப்போதும் அதே கை, அதே மடக்கு.

அண்ணா, உன் உளவாளிதான் குற்றவாளி.

பூட்டுக்கு எண்ணெய் விடாதே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம், சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா பார். இடது கையோடு ஒப்பிட்டுப் பார். உன் எழுத்தும் வரி முடிவில் கீழே சரிகிறது. முன்பு உன் வரிகள் லிஃப்ட் கம்பிபோல நேராக இருக்கும்.

உடனே கிளம்பி வா. ஒரு சோதனை, வலிக்காது. கொஞ்சம் வலிக்கும்.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

உன் சாமர்த்தியம் எனக்கு இப்போது புரிந்துவிட்டது. மெச்சுகிறேன், மெச்சுகிறேன்!

நேற்று உளவாளியோடு சமையலறைப் பக்கம் போனேன். அங்கே இதுவரை கேட்காத சத்தம். டீச்சரின் பெட்டி இருக்கும் மூலையில்கூட அது அப்படிக் கத்தியதில்லை. அடுப்பருகே போனால் குறைகிறது, அலமாரிப் பக்கம் வந்தால் ஏறுகிறது. மேல்தட்டில் மாவு டப்பா. மூடி கொஞ்சம் நகர்ந்திருந்தது. மூடியை அழுத்தி மூடினேன், கப்சிப். நகர்த்தினேன், அலறல். தகர டப்பா அல்லவா, அலையை வெளியே விடாது! கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குக் கோபம்கூட வரத் தாமதமாயிற்று. கையை விட்டுத் துழாவினேன். மாவு பூசிய முகத்தோடு ஒரு செல்போன்.

உன் அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா, வச்சிருக்கேன். உங்க தங்கச்சிகிட்ட நான் வேற எப்படிப் பேசறது? நீங்க அலையைப் பிடிச்சுக்கிட்டு அலையறீங்க, நான் புறாவைப் பிடிச்சுக் காலுல சீட்டுக் கட்டி அனுப்பவா?" என்றாள். எத்தனை காலமாக என்றேன். "நீங்க போனைத் தூக்கிப் போட்ட மறுநாள்லேருந்து" என்றாள்.

ஆக, நான் முழங்கையை மடக்குவதும் சாவி திரும்பாததும் உனக்கு முன்பே தெரியும். நரம்பு, எல்லைக்கோடு, எழுந்து நின்றது எல்லாம் நாடகம். அண்ணி சொல்லச் சொல்ல நீ கேட்டுவிட்டு எனக்கு ஜோசியம் சொல்லியிருக்கிறாய். அதோடு நிற்காமல் என் கையால் நான் செய்த கருவியையே குற்றவாளி ஆக்கினாய். நான் வர மாட்டேன். சோதனையும் வேண்டாம், உன் பாதி மன்னிப்பும் வேண்டாம்.

டப்பாவைத் திரும்ப மூடப் போனபோது மூடி என் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் உன் அண்ணி ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணா,

சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணி உன் கையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்கள் பேசியதெல்லாம் என் பேத்தி, அவர்கள் மூட்டுவலி, என் மருமகன். உன்னைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்று இருவருமே தவிர்த்தோம். நீ டப்பாவைக் கண்டுபிடித்த அன்றுதான் முதன்முதலில் சொன்னார்கள், அழுதுகொண்டே. "சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன். கேட்டா, பட்டன் ஓட்டை சின்னதாப் போச்சுன்னு சொல்றார். நீ சொன்ன இடத்துல பள்ளம் இருக்கு, விரலை வச்சாப் பதியுது" என்றார்கள்.

இனிமேல் விளையாட்டு இல்லை. மரத்துப்போவதோடு நின்றிருந்தால் கையை நீட்டி வைத்துத் தூங்கு என்று சொல்லிவிட்டு இருப்பேன். சதை வற்றத் தொடங்கிவிட்டது. நசுங்கிய நரம்பை நாள்கடத்தி விட்டால் பிறகு எந்த டாக்டர் என்ன செய்தாலும் அந்தச் சதை திரும்பி வராது. திருகாணி பிடிக்கிற கை அண்ணா அது. உளவாளி மாதிரி இன்னொன்று செய்ய வேண்டுமென்றாலும் உனக்கு அந்தக் கைதான் வேண்டும்.

நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ சிரிப்பாய். சிரி. எனக்கும் சுண்டுவிரல் மரக்கிறது, கொஞ்ச காலமாக. பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதத்துக்குப் பிறகு பயம் வந்து, கூட வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டு என் கையையே சோதிக்கச் சொன்னேன். நரம்பு வழியே செய்தி ஓடும் வேகம் முழங்கையில் குறைகிறது! உன் அளவுக்கு இருக்காது, ஆரம்பம்தான். எப்படி வந்தது தெரியுமா? அண்ணியோடு பேசிப் பேசி. போனைக் காதில் வைத்து, கையை மடக்கி, மணிக்கணக்காக. இப்படி வருகிறவர்கள் இப்போது அதிகம். எங்கள் அறையில் அதற்குப் பெயரே 'செல்போன் முழங்கை'.

அதனால் நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது, அண்ணா. செல்போன் நரம்பைக் கெடுத்துவிட்டது, அதுவும் உன் தங்கையின் நரம்பை! ஆனால் அலையால் அல்ல, பிடித்திருந்த பிடியால். உனக்கும் எனக்கும் ஒரே நரம்பு, ஒரே இடம். நீ போனை விரட்டப் பிடித்தாய், நான் பேசப் பிடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

'பிரமை' என்ற சொல்லை முழுமையாக, நிபந்தனை இல்லாமல், எழுத்தில் திரும்பப் பெறுகிறேன். பேத்தியிடமும் மருமகனிடமும் வாயாலும் சொல்லிவிட்டேன். மருமகன் சிரிக்கவில்லை. அவரும் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வா, அண்ணா.

உன் தங்கை


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

வருகிறேன். நான் தோற்றுப் போனதால் அல்ல. என் கட்சி ஜெயித்துவிட்டதால். செல்போனால் நரம்பு கெடும் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருத்தி கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறாள். அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

உளவாளியையும் கொண்டு வருவேன். தடுக்காதே.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து உன் கையால் ஒரு வரி இல்லை. அண்ணி போனில் "நல்லா இருக்கார், நல்லா இருக்கார்" என்று மட்டும் சொல்கிறார்கள். என்ன ஏது என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இங்கே நீ நடத்திய கூத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் உன் நரம்பின் துடிப்பு மேடும் பள்ளமுமாக ஓடியபோது, "பாத்தியா, அலை! அலை இருக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்று கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாயே. ஒட்டிய ஒயர் எல்லாம் பிய்ந்து வந்தது. ஆபரேஷன் அறைக்குள் போகும்போது பெரிய டாக்டரிடம், "இங்க வைஃபை இருக்கா, மறைக்காம சொல்லுங்க" என்றாயாம். அவர், "இருக்கு, ஆனா பாஸ்வேர்டு தர மாட்டேன்" என்றாராம். அதற்குப் பிறகுதான் உனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முழங்கையில் நசுங்கிக் கிடந்த நரம்புக்கு இடம் விட்டுக் கொடுத்தாயிற்று, இனி அது தானாக வளர்ந்து வர வேண்டும், முழுப் பலமும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று அவர் உன்னிடமே சொன்னார். நீ தலையை மட்டும் ஆட்டினாய். உன்னை அவ்வளவு மௌனமாக நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்த மௌனமும் எனக்குப் பயமாக இருக்கிறது.

பயிற்சியை விடாதே. கையை மடக்கித் தூங்காதே. நான் இப்போது போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் பேசுகிறேன். மருமகனுக்கு என் ரகசியம் எல்லாம் தெரிந்துவிட்டது.

எழுத முடியவில்லை என்றால் இடது கையால் ஒரு கோடாவது கிழித்து அனுப்பு.

உன் தங்கை


அக்டோபர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

இடது கையால் எழுத மாட்டேன் என்று இருந்தேன். வலது கை எழுதினால் எழுதுவது, இல்லாவிட்டால் வேண்டாம். உன் அண்ணி எழுதித் தருகிறேன் என்றாள், அதற்கும் இடம் கொடுக்கவில்லை. உன் அண்ணியிடம் சொல்லி எழுதவைத்தால், நான் சொல்லாததெல்லாம் அதில் வந்துவிடும்.

இப்போது எழுதுவது வலது கை! வரியைப் பார், எப்படி நிற்கிறது!

இங்கே எனக்கு ஏகப்பட்ட வேலை. மாடி டீச்சர் கிளாஸ் எடுக்கும்போது மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுகிறாள், தடுத்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் போனோடு உலாத்தும்போதெல்லாம் கதவைத் திறந்து, "கையை நீட்டுங்க சார், நீட்டுங்க!" என்று குரல் கொடுக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் காதிலிருந்து போனை எடுத்துவிடுகிறார். முன்பு அலை அலை என்று கத்தியபோது யாரும் எடுக்கவில்லை. உளவாளிக்கு ஒரு தாங்கி செய்து நிறுத்தி, காதுக்கு ஒயர் இழுத்துவிட்டேன். கை மடக்க வேண்டியதில்லை. அலை விஷயத்தில் நான் ஒரு நூல்கூட இறங்கவில்லை, தெரிந்துகொள். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நானும் முடிக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பெரிய டாக்டர் ஒரு காகிதத்தை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, "விடாதீங்க" என்று சொல்லிவிட்டு இழுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். வெண்ணெயிலிருந்து மயிரை உருவுவதுபோல வந்துவிட்டது. நீ அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய்.

ஊர் திரும்பியதிலிருந்து தினமும் வீட்டில் உன் அண்ணி அதையே செய்கிறாள். காகிதத்தைக் கொடுப்பாள், இழுப்பாள், வந்துவிடும். மடித்து வைப்பாள். மறுநாள் மறுபடியும். நான் எரிந்து விழுவேன். அவள், "பேப்பருக்கா பஞ்சம்?" என்பாள். கோடையெல்லாம் போயிற்று. மழையும் வந்தது. காகிதம் உருவிக்கொண்டேதான் இருந்தது. உனக்கு என்னத்தை எழுதுவது?

இன்று காலை உனக்கு ஏதாவது எழுதலாம் என்று இந்தத் தாளை எடுத்து வைத்தேன். அவள் வந்தாள், வேறு காகிதம் தேடச் சோம்பல்பட்டு இதையே எடுத்தாள். என் விரல் நடுவில் வைத்தாள். இழுத்தாள். வரவில்லை. "விளையாடாதீங்க" என்றாள். "நான் எங்கடி விளையாடறேன், இழு!" என்றேன். காலை ஊன்றி, முந்தானையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தாள்.

தாளின் மேல் மூலையைக் காணோமே என்று தேடாதே. கிழிந்துவிட்டது. அது உன் அண்ணியின் கையில் இருக்கிறது. கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.

அண்ணன்